பேலன்ஸ் பண்ணித் தீராத ஆட்டம்

டர்பைனோ பெரிய ஃபேனோ உதற ஆரம்பித்தால் நம் பக்கத்து ஆலைகளில் முதலில் காதில் விழுகிற வார்த்தை பேலன்ஸிங். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இம்பெல்லரில் தூசி ஏறியிருக்கும், பிளேடு தேய்ந்திருக்கும், எடை ஒரு பக்கம் கூடியிருக்கும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் எடை வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். இப்படிப் பல தடவை அடங்கியதாலேயே, எந்த ஆட்டத்துக்கும் அதுதான் மருந்து என்கிற நம்பிக்கை ஊறிப்போய்விட்டது.

அந்த மருந்துக்குக் கட்டுப்படாத ஆட்டம் ஒன்று உண்டு. ரோட்டார், அதாவது இயந்திரத்தின் சுழலும் பகுதி, தன் சுழற்சியிலிருந்தே சக்தியை எடுத்துத் தன்னையே உலுக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் அதைத் தள்ள வேண்டாம், எடை ஒரு மில்லிகிராம்கூடப் பிசக வேண்டாம். நூற்றுக்கு நூறு பேலன்ஸ் ஆன ரோட்டாரும் ஆடும். தானே தூண்டிக்கொள்ளும் அதிர்வு என்று இதைச் சொல்லலாம். இதைத் தடுக்கும் வேலை பேலன்ஸிங் மெஷினில் இல்லை. ரோட்டாரைச் சுற்றியிருக்கிற எண்ணெய், நீராவி, வாயு ஆகியவை எப்படிச் சுழல்கின்றன என்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

இதை யோசிக்க எங்கள் ஊர் வசதியான இடம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிப் பணகுடி வந்தால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அவை நிமிடத்துக்குப் பத்து, இருபது சுற்று சுற்றும். அங்கிருந்து தென்கிழக்கே கூடங்குளத்தில் 1000 மெகாவாட் டர்பைன்கள், நிமிடத்துக்கு 3000 சுற்று. மேற்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அங்கே சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின்களின் டர்போபம்புகள், அதாவது டர்பைனால் ஓடும் எரிபொருள் பம்புகள், நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று ஓடுபவை. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் சுழற்சியின் எல்லாப் படிகளும் வந்துவிடுகின்றன. மெதுவாகச் சுற்றும் காற்றாலைக்கு வேறு தலைவலிகள் உண்டு. நான் பேசும் ஆட்டம், ரோட்டார் தன் முதல் கிரிட்டிக்கல் ஸ்பீடை, அதாவது ஓடும் வேகம் தன் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகிற வேகத்தை, தாண்டி ஓடும் வேக இயந்திரங்களின் வியாதி.

எப்படி வருகிறது? செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உலக்கை உரலுக்குள் சாய்ந்து நிற்கிறது. மாடு அதை மையத்தை நோக்கியும் தள்ளுவதில்லை, மையத்தை விட்டு வெளியேயும் இழுப்பதில்லை. சாய்வுக்குச் செங்குத்தாக, சுற்றுப்பாதையின் திசையிலேயே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் உலக்கை சுற்றிச் சுற்றி வருகிறது. உரலில் கிடக்கிற எள்ளின் தடுப்புதான் அதற்குக் கடிவாளம். இயந்திரத்தில் ஷாஃப்ட் மையத்திலிருந்து ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், அதைச் சுற்றிச் சுழலும் எண்ணெயோ வாயுவோ மாட்டின் வேலையைச் செய்கிறது. சாய்ந்த திசைக்குச் செங்குத்தாக ஒரு விசை. ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் சக்தியை உள்ளே செலுத்துகிறது. தணிப்பு, அதாவது டாம்பிங், அதைவிட அதிகமாகச் சக்தியை உறிஞ்சினால் எதுவும் நடக்காது. குறைவாக உறிஞ்சினால் வட்டம் பெரிதாகும், அப்புறம் இன்னும் பெரிதாகும், கடைசியில் கசிவைத் தடுக்கும் சீலிலோ பேரிங்கிலோ போய் உரசித்தான் நிற்கும்.

இதை அடையாளம் காண ஒரு நல்ல வழி உண்டு. எடைப் பிசகால் வரும் ஆட்டம் ரோட்டாரின் வேகத்திலேயே வரும். 3000 சுற்று என்றால் விநாடிக்கு 50 தடவை. தானே தூண்டிக்கொள்ளும் ஆட்டம் பெரும்பாலும் ரோட்டாரின் சொந்த இயல்பு அதிர்வெண்ணில் வரும். கிரிட்டிக்கலைத் தாண்டி ஓடும் இயந்திரத்தில் அது ஓடும் வேகத்தைவிடக் கீழே இருக்கும். ஷாஃப்டைப் பார்த்தபடி 90 டிகிரி இடைவெளியில் வைத்த, தொடாமலே அதன் அசைவை அளக்கும் இரண்டு எட்டி கரண்ட் புரோப்கள் இருந்தால் இதைத் திரையில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நம் மாவட்டத்து ஆலை ஒன்றில் நான் பார்த்த கதையைச் சொல்கிறேன். சொந்த மின்சாரத்துக்காக வைத்திருந்த சின்ன நீராவி டர்பைன். 7500 சுற்றில் ஓடி, கியர்பாக்ஸ் வழியாக ஆல்டர்னேட்டரைச் சுற்றும். ஓவர்ஹால் முடித்து மாட்டியதிலிருந்து அதிர்வு. வழக்கம்போல ரோட்டாரைக் கழற்றி பேலன்ஸ் செய்தார்கள். திரும்ப மாட்டியும் அதே கதை. மறுபடியும் எடை போட்டார்கள். நான் போய் அதிர்வெண் வரைபடத்தை எடுத்தபோது 125 ஹெர்ட்ஸில், அதாவது ஓடும் வேகத்தில், ஒரு சின்ன முகடு. பேலன்ஸிங் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. 58 ஹெர்ட்ஸ் பக்கம் வேறொரு முகடு, அதைவிடப் பல மடங்கு உயரமாக. அதை எந்த எடையும் தொடவில்லை.

பக்கத்தில் நின்ற மூத்த ஃபிட்டர் அண்ணாச்சி என் திரையைப் பார்க்கவே இல்லை. “சார், நீங்க கம்ப்யூட்டர்ல என்னமும் பாருங்க. எண்ணெய்க் கூலருக்குத் தண்ணி வால்வத் தாராளமாத் திறந்தா இவன் ஆட ஆரம்பிச்சிருதான். கொறச்சா அடங்கிருதான்” என்றார்.

“இத முதல்லயே சொல்லிருக்கலாமே அண்ணாச்சி?”

“கேட்டாத்தான சார் சொல்லுவேன். என்கிட்ட யாரு கேக்கா?”

அவர் சொன்னது வியாதியின் பெயரையே சொல்வது போல. பேரிங்குக்குள் ஷாஃப்டை ஒட்டிய எண்ணெய் ஷாஃப்டின் வேகத்தில் ஓடுகிறது, பேரிங் சுவரை ஒட்டிய எண்ணெய் நின்றே இருக்கிறது. சராசரியாக எண்ணெய்ப் படலம் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பக்கவாட்டில் ஒழுகிப்போவதையும் கணக்கில் எடுத்தால் பாதிக்குக் கொஞ்சம் கீழே, பெரும்பாலும் 0.42 முதல் 0.48 வரை. 125-க்கு 58 என்பது 0.46. இதற்கு ஆயில் வேர்ல் என்று பெயர். பேரிங்கில் பாரம் குறைந்து ஷாஃப்ட் மையத்துக்கு அருகே மிதக்கும்போது இது வரும். எண்ணெய் குளிர்ந்து தடித்தால் ஷாஃப்டை மேலே தூக்கும், மையத்துக்குக் கொண்டுபோகும். சூடாகி இளகினால் ஷாஃப்ட் கீழே இறங்கி அழுத்தமாக உட்காரும். கூலர் வால்வில் அண்ணாச்சி பார்த்தது அதைத்தான்.

ஆனால் ஓவர்ஹாலுக்கு முன்பு இது ஏன் வரவில்லை? அங்கேதான் விஷயம். குளிர்ந்த நிலையில் டர்பைனையும் கியர்பாக்ஸையும் கோடு பிசகாமல் நேராக அலைன்மென்ட் செய்திருந்தார்கள். பார்க்க அழகு. ஓட ஆரம்பித்ததும் கியர்பாக்ஸ் சூடாகி உயர்ந்தது, கப்ளிங் பக்கத்தில் ஷாஃப்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. அந்தப் பக்கத்துப் பேரிங்கின் பாரம் போயிற்று. ரோட்டாரின் எடை ஏற்கெனவே குறைவு, அதில் இருந்ததும் போனால் ஆடாமல் என்ன செய்யும்? உடனடியாக, தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் எண்ணெயின் வெப்பநிலையை உயர்த்தி வைத்து ஓட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில் சூட்டு உயர்வைக் கணக்கில் எடுத்து ஷிம்களை, அதாவது அடியில் வைக்கும் மெல்லிய தகடுகளை, மாற்றினார்கள். பிறகு, சாதாரண வட்டப் பேரிங்கைத் தூக்கிவிட்டு டில்டிங் பேட் பேரிங் போட்டார்கள்.

பேரிங் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழு வட்டமாகக் கடைந்த பேரிங்தான் செய்வதற்கு எளிது, ஆட்டத்துக்கும் அதுதான் முதல் பலி. நடுவில் ஒரு பள்ளம் வெட்டி அகலத்தைக் குறைத்தால் மீதிப் பரப்பில் அழுத்தம் கூடும், ஓரளவு அடங்கும். மேல் பாதியில் படி வெட்டி, அங்கே உண்டாகும் எண்ணெய் அழுத்தத்தால் ஷாஃப்டைக் கீழே அமுக்குவது ஒரு வழி. எலுமிச்சை வடிவம், மூன்று மடல் வடிவம் என்று இன்னும் வகைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே டில்டிங் பேட். தனித்தனித் துண்டுகள், ஒவ்வொன்றும் தன் தாங்குபுள்ளியில் சாய்ந்து கொடுக்கும். துண்டு தானே சாய்வதால் பக்கவாட்டு விசை கிட்டத்தட்ட பிறப்பதே இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்ட செக்கு.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டில்டிங் பேட் போட்டாயிற்று, இனி ஆட்டம் வராது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், காரணம் அவர்தான் அன்றைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். உண்மையில் டில்டிங் பேட் தன் பங்குக்கு ஒரு மாட்டைக் கொண்டுவருவதில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே சீலிலும் பிளேடு நுனியிலும் கட்டியிருக்கிற மாடுகளை அது அவிழ்க்காது.

இந்த மாடுகள் ஒவ்வொன்றாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டன. 1869-ல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், சுழலும் தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி ஓடவே முடியாது என்று எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்வீடனில் டி லாவல், வளைந்து கொடுக்கும் மெல்லிய தண்டு ஒன்றைப் போட்டு நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓட்டிக் காட்டினார். 1919-ல் ஜெஃப்காட் இதற்குச் சரியான கணக்கைக் கொடுத்தார்: கிரிட்டிக்கல் என்பது கதவு, சுவர் இல்லை, தாண்டிப் போய்விடலாம். உடனே எல்லோரும் கிரிட்டிக்கலுக்கு மேலே ஓடும் இயந்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த சில வருடங்களில் அடி விழுந்தது.

ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த ஊதுலைக் கம்ப்ரஸர்கள் கிரிட்டிக்கலைத் தாண்டிய பிறகு கண்டபடி ஆட ஆரம்பித்தன. ஆராயப் போனவர் நியூகிர்க். 1924-ல் அவர் எழுதி வைத்த கவனிப்புகளை இன்று படித்தாலும் மரியாதை வருகிறது. பேலன்ஸை நன்றாக்கினாலும் மோசமாக்கினாலும் ஆட்டம் தொடங்கும் வேகம் மாறவில்லை. முதல் கிரிட்டிக்கலுக்குக் கீழே ஆட்டம் வரவே இல்லை. ரோட்டார் எந்த வேகத்தில் ஓடினாலும் ஆட்டத்தின் வேகம் கிரிட்டிக்கலிலேயே நின்றது. பேரிங் தாங்கியைக் கொஞ்சம் நெகிழ்வாக வைத்தபோது ஆட்டம் தள்ளிப்போனது. நெகிழ்வோடு தணிப்பையும் சேர்த்தபோது இன்னும் தள்ளிப்போனது. காரணத்துக்கு வழிகாட்டியவர் அவரோடு வேலை பார்த்த கிம்பால்: ஷாஃப்டின் உலோகத்துக்குள்ளேயே நடக்கிற உராய்வு. சுருக்கிப் பொருத்திய டிஸ்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நடக்கிற உராய்வும் அதே வேலையைச் செய்யும் என்று நியூகிர்க் கண்டார். உராய்வு எப்போதும் ஆட்டத்தைத் தணிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ரோட்டாரோடு சேர்ந்து சுழலும் உராய்வு, கிரிட்டிக்கலுக்கு மேலே, ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. அடுத்த வருடமே நியூகிர்க்கும் டெய்லரும் எண்ணெய்ப் படலமே மாடாக மாறுவதையும் கண்டுபிடித்தார்கள்.

நெகிழ்வாக வைத்தால் நல்லது என்பதை இன்றும் நம் ஆட்கள் ஏற்க மாட்டார்கள். ஆட்டம் என்றதும் போல்ட்டை இறுக்கு, அடித்தளத்தில் இன்னும் கான்க்ரீட் கொட்டு என்பதுதான் முதல் யோசனை. தாங்கி முழுக்க இறுகிவிட்டால் ஷாஃப்ட் வளைகிற இடம் நடுவில் மட்டும்தான். பேரிங்கில் அசைவே இருக்காது. அசைவில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல தணிப்பான் வைத்தாலும் அதற்கு வேலை கிடையாது. ஜெட் எஞ்சின்களில் பந்து பேரிங்கின் வெளி வளையத்தைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, அந்த வளையத்தையே சற்று மிதக்க விடுவது இதனால்தான்.

நீராவி டர்பைனில் இன்னொரு மாடு உண்டு. 1958-ல் தாமஸும் 1965-ல் ஆல்ஃபோர்டும் தனித்தனியாகச் சொன்னது. ரோட்டார் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் பிளேடு நுனி இடைவெளி குறையும், நீராவி அங்கே வீணாகாமல் முழுசாக வேலை செய்யும். எதிர்ப்பக்கத்தில் இடைவெளி கூடும், வேலை குறையும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தள்ளினால் மிச்சப்படுவது சாய்வுக்குச் செங்குத்தான விசை. இது லோடோடு வளரும். அதனால் வெறுமனே 3000 சுற்று ஓட்டிப் பார்க்கும்போது அமைதியாக இருந்த டர்பைன், லோடு ஏற்றும்போது ஒரு குறிப்பிட்ட மெகாவாட்டைத் தாண்டியதும் ஆடலாம். கூடங்குளத்து டர்பைன் மாதிரி ஒரு உயரழுத்த சிலிண்டரும் நான்கு தாழழுத்த சிலிண்டர்களும் ஒரே கோட்டில் கோத்த நீளமான தண்டுகளில் எடை அபாரமாக இருப்பதால் பேரிங்குகள் பொதுவாக அழுந்தியே இருக்கும். ஆனால் அத்தகைய தண்டு எதிலும், ஒரு பேரிங்கின் தாங்கி கொஞ்சம் இறங்கினால் பாரம் பக்கத்துப் பேரிங்குக்குப் போய்விடும். பாரமிழந்த பேரிங்தான் ஆட்டம் தொடங்குகிற இடம்.

கம்ப்ரஸர்களில் விஷயம் இன்னும் காரசாரம். 1971-ல் கனடாவின் கேபாப் எரிவாயு ஆலையிலும், 1974-ல் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலிலும் உயரழுத்தக் கம்ப்ரஸர்கள் முழு அழுத்தத்துக்குப் போக விடாமல் ஆடின. இரண்டுக்கும் விடை தேட மாதக்கணக்கில் ஆனது. வாயு அழுந்த அழுந்தக் கனமாகிறது. கனமான வாயு, பல் வரிசையால் கசிவைக் குறைக்கும் லாபிரிந்த் சீலின் பற்களுக்கு நடுவே ரோட்டாரோடு சேர்ந்து சுழலும்போது மாடு காளையாகிறது. 1986 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில் யூரியா தயாரிக்கிறார்கள். யூரியாவுக்குக் கார்பன் டை ஆக்சைடை 140 பாருக்கும் மேலே அழுத்த வேண்டும் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 74 பாரும் 31 டிகிரியும் தாண்டினால் அந்த வாயுவை வாயு என்று சொல்வதே கஷ்டம், திரவத்தின் கனத்தை நெருங்கிவிடுகிறது. காற்றுக்கு நன்றாக ஓடிய ரோட்டார் அதற்கும் ஓடும் என்று நினைக்க முடியாது.

இங்கே மருந்து, வாயுவின் சுழற்சியைச் சீலுக்குள் நுழையும் முன்பே உடைப்பது. சீலின் வாசலில் சின்னச் சின்னத் தகடுகளை வரிசையாக நிறுத்துவார்கள், சுழன்று வரும் வாயு அதில் மோதி நேராகும். ஸ்வர்ல் பிரேக் என்பார்கள். அல்லது வாயுவின் வேகத்தை அழுத்தமாக மாற்றும் டிஃப்யூசருக்குப் பின்னாலிருந்து உயரழுத்த வாயுவை ஒரு வழியாக எடுத்துவந்து, தண்டை நீளவாக்கில் தள்ளும் விசையைச் சமன் செய்யும் பேலன்ஸ் பிஸ்டனின் சீலில், ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகப் பாய்ச்சுவார்கள். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: சீலின் நிலையான பக்கத்தைத் தேன்கூடு மாதிரியோ துளைத் துளையாகவோ சொரசொரப்பாக்கி, சுழலும் பக்கத்தை வழவழப்பாக விடுவது. நிற்கிற சுவர் சொரசொரப்பாக இருந்தால் வாயுவைப் பிடித்து நிறுத்தும், சராசரிச் சுழற்சி பாதியிலிருந்து நன்றாக இறங்கும். கூடவே அந்தத் துளைகளே தணிப்பும் தரும்.

மகேந்திரகிரி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் முதன்மை எஞ்சினை 1970-களில் உருவாக்கியபோது, ஹைட்ரஜனைத் தள்ளும் உயரழுத்த டர்போபம்ப் ஓடும் வேகத்தில் பாதியளவு அதிர்வெண்ணில் பயங்கரமாக ஆடியது. முழு வேகம் நிமிடத்துக்கு 35,000 சுற்றுக்கு மேல். திரவ ஹைட்ரஜன் இருப்பது மைனஸ் 253 டிகிரியில். அங்கே எண்ணெய் கிடையாது, எண்ணெய்ப் படலத் தணிப்பான் கிடையாது, பந்து பேரிங் தருகிற தணிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கடைசியில் தண்டையும் பேரிங் தாங்கிகளையும் விறைப்பாக்கினார்கள், படிப்படியான லாபிரிந்த் சீலை எடுத்துவிட்டு வழவழப்பான சீலைப் போட்டார்கள். கசிவைத் தடுக்க வைத்த சீலே பேரிங்கின் வேலையையும் தணிப்பானின் வேலையையும் செய்தது. பிறகு நாசாவின் மார்ஷல் மையத்தில் வான் ப்ராகனாவ், நிலையான பக்கத்தைச் சொரசொரப்பாக்கும் யோசனையைக் கொடுத்தார். உர ஆலைக் கம்ப்ரஸரிலும் ராக்கெட் பம்பிலும் ஒரே மாதிரியான சீல் வந்து நிற்பது இப்படித்தான்.

இவ்வளவையும் இயந்திரம் வந்து இறங்கிய பிறகு யோசிப்பதில் பயன் குறைவு. சீலை மாற்ற உறையைத் திறக்க வேண்டும், தண்டைத் தடிமனாக்க வேண்டுமென்றால் புது ரோட்டாரே வேண்டும். வாங்கும்போதே கேட்க வேண்டும். கம்ப்ரஸர்களுக்கான அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் ஏபிஐ 617 தரநிலை இதற்கு ஒரு எண் வைத்திருக்கிறது: சீல்கள் உட்பட எல்லாவற்றையும் சேர்த்து விரிவாகக் கணக்கிட்ட பிறகு, ஆட்டம் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதைக் காட்டும் லாக் டிக்ரிமென்ட் 0.1-க்குக் குறையக் கூடாது. ரோட்டாரை ஒரு தட்டு தட்டினால் அடுத்தடுத்த ஆட்டம் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்று பொருள். பத்து ஆட்டத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது.

நான் ஆலோசனை சொல்லும் இடங்களில் டெண்டரிலேயே சில கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறேன். லாக் டிக்ரிமென்ட்டை எண்ணெயின் குறைந்த வெப்பநிலைக்கும் அதிக வெப்பநிலைக்கும், பேரிங் இடைவெளியின் இரண்டு எல்லைகளுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பேலன்ஸ் பிஸ்டன் சீலில் சுழற்சியை உடைக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? சீல் தேய்ந்து இடைவெளி இரட்டிப்பானால் கணக்கு என்ன ஆகிறது? கடைசிக் கேள்விக்குப் பல விற்பனையாளர்கள் பதில் அனுப்ப ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள், கொள்முதல் பிரிவுக்காரர் என் மேல் கோபப்படுகிறார்.

ஏற்கெனவே ஓடுகிற இயந்திரத்துக்கு, மொத்த அதிர்வை மட்டும் ஒரே எண்ணாகக் காட்டும் மீட்டர் போதாது. ஓடும் வேகத்துக்குக் கீழே வரும் அதிர்வைப் பிரித்துக் காட்ட வேண்டும், அதற்குத் தனியாக ஓர் அலாரம் வேண்டும். பழைய இயந்திரங்களில் புரோப் போட்டிருந்தாலும் இந்த வசதியை வாங்காமல் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான் முதலில் பார்ப்பது கண்ட்ரோல் ரூம் பதிவேட்டில் எண்ணெயின் வெப்பநிலைக் கட்டத்தையும் அதிர்வுக் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான். அதற்கு அடுத்து, கூலர் வால்வைத் திறந்து மூடுகிறவர் இன்று எந்த ஷிஃப்ட் என்று கேட்பேன்.